பின்சீட்டுக்கு அடியில் பத்து கெஜம் வயர்

கிள்ளிப்பாலம் ஞானசிகாமணியிடம் வயரிங் வேலைக்கு வண்டி விட்டவர்கள், வேலை முடிந்ததும் ஒரு சடங்குக்கு நின்றே ஆகவேண்டும். வண்டியிலிருந்து களைந்த பழைய வயரையெல்லாம் அவன் தரையில் கொண்டுவந்து போடுவான். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரி விரல் நீளத்துக்கு ஒவ்வொன்றாக நறுக்குவான். உரியவருக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் விடமாட்டான்.

"பாத்துக்கிட்டீங்களா? களைஞ்சது இம்புட்டுதான். இனி இத எவனும் எந்தக் கோர்ட்டுலயும் கொண்டு காட்டதுக்கு ஒக்காது" என்பான்.

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவனை ஏழு வருடமாகச் சாலைக் கடைத்தெருவே கம்பிக்கள்ளன், அதாவது வயர் திருடன், என்று கூப்பிட்டு வந்தது. அந்தப் பெயரை அவனுக்குச் சூட்டியவர் இரும்புக்கடை அழகியநம்பி பிள்ளை. சூட்டுவதற்குப் பயன்பட்டது அப்படிக் களைந்து வைத்த ஒரு பழைய வயர்க் கட்டுதான்.

ஞானசிகாமணி யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவன். அஸ்ஸாம் பக்கத்து மழையில், சேற்றில், விளக்குப் போடக்கூடாத லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையால் தடவியே வயர் சேர்க்கப் படித்தவன். இரண்டு நுனியையும் ஏழு சுற்று முறுக்கி, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றி, அதன்மேல் செருப்புத் தைக்கிற மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போடுவான். திருவனந்தபுரத்தில் வேறு யாரும் அந்த நூலைச் சுற்றுவதில்லை. தேவையில்லாத வேலை என்பார்கள். "வண்டி அத்து விழுந்தாலும் இது அறாது" என்பான் அவன்.

கொச்சியும் திருவிதாங்கூரும் ஒன்றான நாற்பத்தொன்பதாம் வருடம், ஆவணி மாதம், பிள்ளையின் ஆஸ்டின் காருக்கு அவன் பின்பக்கத்து வயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தான். எலி கடித்து நூல்நூலாய்த் தொங்கிய வயரைக் களைந்துவிட்டு, சிவப்பு நூல் போர்த்தி நடுவே மஞ்சள் இழை ஓடுகிற புது வயர் பத்து கெஜம் இழுத்தான். பிரேக்கை அமுக்கினால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிள்ளையே பார்த்துத் தலையாட்டினார். பழைய வயரைக் கட்டாகக் கட்டி, "மொதலாளி, உங்க சாதனம், இங்க வச்சிருக்கேன்" என்று கார் கொட்டகை மூலையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்தவன் பொருள் ஒரு துண்டுகூடத் தன் கையில் வரக்கூடாது என்கிற யோக்கியதை. யோக்கியன் வைத்த கட்டு, அயோக்கியன் கைக்கு ஆயுதமாயிற்று.

எட்டு நாள் கழித்துப் பிள்ளை காரை ஓட்டிக்கொண்டு போனார். டிரைவர் வைத்துக்கொள்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. பின்சீட்டில் மனைவி உலகம்மை. கரமனைப் பாலத்து இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே ஓடியது. பிள்ளை பிரேக்கை மிதித்தார். பின்னால் விளக்கு எரியவில்லை. பின்தொடர்ந்த பஸ் நேரே வந்து மோதியது. மாடு பிழைத்தது, பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை, உலகம்மையின் வலது முழங்கால் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே மாட்டி நொறுங்கிப் போனது.

கார் உலகம்மையின் அப்பா சீதனமாகக் கொடுத்தது. அவளுடைய அண்ணன்மார் நாகர்கோவிலிலிருந்து மீசையை முறுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பஸ்காரனோ, "பிரேக் லைட்டு எரியல்ல, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கையை விரித்துவிட்டான். பிள்ளைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொட்டகை மூலையில் கிடந்த கட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கோர்ட்டில் வைத்தார். "நான் பத்து கெஜம் புது வயரு வாங்கிக் குடுத்தேன். இவன் அத வித்துத் தின்னுட்டு, இந்தக் கந்தல வச்சு ஒப்பேத்திட்டான். காருல இருந்து கழத்தினது இதாக்கும்" என்று கற்பூரத்தை அணைத்துச் சொல்லாத குறையாகச் சொன்னார். காரைத் திறந்து பார்க்கவேண்டும் என்று ஞானசிகாமணி கதறியது யார் காதிலும் ஏறவில்லை. எலி கடித்த வயர் மேசைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கிடக்கும்போது வண்டியை எவன் திறப்பான்? பூஜப்புரை ஜெயிலில் மூன்று மாதம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கோர்ட்டு வாசலில் இன்னொன்றும் நடந்தது. காலில் கட்டோடு நாற்காலியில் தூக்கிவந்திருந்த உலகம்மை, அண்ணனிடம் ஒரு பிடி மண் அள்ளித் தரச் சொன்னாள். போலீசுக்காரர்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்த ஞானசிகாமணியின் மேல் அதை வாரித் தூற்றினாள்.

"எங் காலு போன மாதிரி உங் கை போகும்லே! உருப்படமாட்டே!"

மண் கண்ணில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அவன் கை சும்மா இல்லை, விலங்கில் இருந்தது.

வெளியே வந்தபோது உலகம் மாறியிருந்தது. கார் வைத்திருந்த ஒரு பெரிய மனிதரும் அவனிடம் வரவில்லை. வேதக்கோயிலில் லைட்டுப் பார்க்கிற வேலை வேறு ஆளிடம் போயிருந்தது. அவன் மனைவி எலிசாளின் தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் முறிந்தது. "கம்பிக்கள்ளன் வீட்டுல பெண்ணெடுக்கதா?" என்று அந்த வீட்டுக்காரி தெருக்குழாயடியில் வைத்து எலிசாளின் முகத்துக்கு நேரே கேட்டாள். எலிசாள் பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மலையிலிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிவருகிற லாரிக்காரர்கள்தான் ஞானசிகாமணிக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பொன்முடி வளைவுகளில் விளக்கு அணைந்தால் அவர்களுக்கு உயிர் போகும். அதனால் அவன் பேர் எப்படியிருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை.

அவன் மறக்கவில்லை. மறக்க முயற்சியும் செய்யவில்லை. கோபத்தை ஆற விடாமல் உமியடுப்பு மாதிரி ஊதி ஊதி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வருகிற வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வான். எலிசாள் விலாவில் கிள்ளுவாள். அவன் அசையமாட்டான். வரி தாண்டியதும் மறுபடி உரக்கச் சேர்ந்துகொள்வான்.

ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு முள் இருந்தது. அதை அவன் எலிசாளிடம்கூடச் சொன்னதில்லை. புது வயர் போட்டது சத்தியம். எட்டு நாள் முந்தி எரிந்ததும் சத்தியம். பிறகு ஏன் அன்றைக்கு எரியவில்லை? ஒரு திருகாணியைச் சரியாக இறுக்காமல் விட்டோமோ? ஒரு பெண்ணின் கால் தன் கையால்தான் போனதோ? ராத்திரி பகல் இல்லாமல் மனசுக்குள் அந்தக் காருக்கு அடியில் படுத்து ஒவ்வோர் இணைப்பாகத் தடவிப் பார்ப்பான். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் வேலையில் கை லேசாக நடுங்கினால் அந்த மண்தான் ஞாபகத்துக்கு வரும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். அழகியநம்பி பிள்ளை எட்டு நாள் கெட்டிக்காரர் இல்லை, ஏழு வருடக் கெட்டிக்காரர். ஐம்பத்தாறாம் வருடம் நவம்பரில் கேரளம் என்று புது மாநிலம் பிறந்து, நாஞ்சில் நாடு மதராசோடு போய்ச் சேர்ந்தது. நேற்றுவரை ஒரே ராஜ்யமாக இருந்த நாகர்கோவில் இன்றைக்கு அயல் மாநிலம். உலகம்மையின் மூத்த அண்ணன் மகளுக்கு அங்கே கல்யாணம். வண்டிக்கு நம்பர் எழுத்து மாற்றி, வண்டி சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, கையெழுத்து வாங்கினால்தான் எல்லையில் மறிக்கமாட்டார்கள் என்று பிள்ளையிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அவரும் எழுத்து மாற்றிவிட்டுக் காரைக் கொண்டுபோய்க் காட்டினார். பிரேக் லைட் எரியவில்லை.

மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினார். ஒருவன் பல்பு மாற்றினான். ஒருவன் பிரேக் மிதிக்கு அடியிலிருந்த சுவிட்சை மாற்றினான். ஒருவன் பேட்டரியையே மாற்றவேண்டும் என்றான். விளக்கு எரியவில்லை. மூன்றாம் தடவை கல்யாணத்துக்குப் புறப்பட்ட கோலத்தில், மேலே பெட்டி படுக்கையெல்லாம் கட்டி, உலகம்மையையும் ஏற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். இன்ஸ்பெக்டருக்கு அலுத்துப்போயிற்று. கையெழுத்துப் போடமாட்டேன் என்று மலையாளத்திலேயே சொல்லிவிட்டார்.

"ஸ்டாப் லைட்டு இல்லாத்த வண்டிக்கு ஞான் ஒப்பிடில்ல பிள்ளே. கிள்ளிப்பாலத்து ஒரு ஞானசிகாமணி உண்டு. அயாளக் கொண்டு காணிக்கு."

அவனிடம்தான் காட்டவேண்டுமாம். பின்சீட்டிலிருந்த உலகம்மை அந்தப் பேரைக் கேட்டாள். பிள்ளையும் கேட்டார். வேறு வழி இல்லை. முகூர்த்தம் மறுநாள் காலை. உலகம்மையின் காலுக்குப் பஸ் ஏறுவது பெரும்பாடு.

காலை பத்து மணி வெயிலில் ஆஸ்டின் வந்து ஒர்க்‌ஷாப் முன்னால் நின்றபோது ஞானசிகாமணி ஒரு லாரி டைனமோவைக் கழற்றிக்கொண்டிருந்தான். சத்தத்திலேயே வண்டி தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்காமல் கையைச் சாக்கில் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். யானைக்கொரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வந்துதானே ஆகவேண்டும்.

பிள்ளை சீட்டில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "ஏலே ஞானசிகாமணி, பழசெல்லாம் மனசுல வைக்காத. இந்த லைட்ட ஒண்ணு பாரு. அர்ஜென்டு."

"பாக்கலாமே மொதலாளி. சாவியப் போட்டு பிரேக்க அமுத்துங்க."

பின் விளக்கு எரியவில்லை என்றால் எல்லாரும் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பார்கள். ஞானசிகாமணி முன்னால் போய் நின்றான். மட்கார்டின் மேலிருந்த சின்ன விளக்கு ஒன்றை உள்ளங்கையால் வெயில் மறைத்து, குனிந்து பார்த்தான். பிள்ளை மிதிக்கும்போதெல்லாம் அந்த முன்விளக்கு மினுக்மினுக்கென்று, அணைகிற ஊதுவத்தி அளவுக்குச் சிவந்தது. பின் விளக்குக்கு மிதித்தால் முன்னால் மினுங்குகிறது. பின் விளக்கில் ஏறிய கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாமல், வேறு விளக்குகளின் வயர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. மூன்று ஒர்க்‌ஷாப்காரர்களில் ஒருத்தனும் இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கமாட்டான்.

கோளாறு அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஐந்து நிமிஷத்தில் முடிக்க அவன் ஏழு வருடம் காத்திருக்கவில்லை.

"பின்சீட்ட எளக்கணும். அம்மா எறங்கிப் பின்னால வந்து நிக்கணும்" என்றான்.

"அவளுக்குக் கால் வய்யாதுல்லா? அவ எதுக்கு?"

"நீங்க பிரேக்குல இருக்கணும், நான் வயருல இருக்கணும். லைட்டு எரியுதா எரியல்லியான்னு பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேண்டாமா? வேண்டாம்னா வண்டிய எடுத்துட்டுப் போகலாம்."

உலகம்மை கதவைத் திறந்தாள். கம்பை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து வண்டிக்குப் பின்னால் வந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் இருவரும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள். அவள் பார்வையில் பழைய வெறுப்பு அப்படியே இருந்தது. அது அவனுக்குப் பிடித்திருந்தது. அதை அணைக்கத்தானே போகிறான். அணைத்து வேறு இடத்தில் கொளுத்தத்தானே போகிறான்.

"அமுத்திப் பிடிங்க மொதலாளி! நான் சொல்லும்வரை காலை எடுக்கப்பிடாது. எடுத்தா மொதல்ல இருந்து பாக்கணும்!"

பிள்ளை அமுக்கினார். ஞானசிகாமணி பின்சீட்டைத் தூக்கி வெளியே வைத்தான். அடியில் ஏழு வருடத் தூசி, வெற்றிலைக் காம்பு, ஒரு கொண்டை ஊசி. அத்தனைக்கும் நடுவில், பலகையோடு ஒட்டி, அவன் அடித்த அதே கொக்கிகளில், அந்த வயர் நேர்கோடாக ஓடியது. சிவப்பு நூல் மங்கியிருந்தது. மஞ்சள் இழை அப்படியே இருந்தது. வளைவில் ஓர் இணைப்பு. அதன்மேல் மெழுகு நூல் நெருக்கமாகச் சுற்றி முடிச்சிட்டிருந்தது. ஞானசிகாமணி அதை விரலால் தொட்டான். செத்துப்போன சொந்தக்காரனை உயிரோடு பார்த்த மாதிரி இருந்தது அவனுக்கு.

"அம்மா, இங்க குனிஞ்சு பாருங்க. இது என்ன?"

"வயரு."

"நான் வித்துத் தின்ன வயரு. பத்து கெஜம். சிவப்புல மஞ்ச. நான் ஜெயிலுக்குப் போன அண்ணைக்கும் இது உங்க சீட்டுக்கு அடியிலதான் கெடந்தது. இதுக்கு மேலதான் நீங்க ஏழு வருசமா இருந்து போறீங்க, வாறீங்க."

உலகம்மை கம்பை வண்டியில் சாத்திவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கோர்ட்டுல காட்டினது இது இல்லியே" என்றாள் மெதுவாக.

"அது நான் களைஞ்சு போட்ட பழசு. உங்க கார் கொட்டகையில மொதலாளி முன்ன வச்சுதான் கட்டி வச்சிட்டு வந்தேன்."

முன்சீட்டிலிருந்து பிள்ளை கழுத்தைத் திருப்பினார். "என்னலே அங்க பேச்சு? வேலையப் பாரு!"

"காலை எடுக்காதேயும்வே!" என்றான் ஞானசிகாமணி.

சமமானவனை அழைக்கிற அந்த 'வே' சாட்டையடி மாதிரி விழுந்தது. அவன் அப்பனும் பாட்டனும் பிள்ளைமார் முகத்தைப் பார்த்து வாயில் எடுக்காத சொல். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன் பம்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான். வெற்றிலைக் கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள். பிள்ளைக்கு முகம் சிவந்தது. ஆனால் கால் மிதியிலேயே இருந்தது. கல்யாணம் இருக்கிறதே!

ஞானசிகாமணி வண்டியின் பின்புறம் வந்து குத்தவைத்தான். நம்பர் பலகையும், அதைத் தாங்குகிற இரும்பும், அதிலேயே பொருத்திய விளக்கும் ஒன்றாக இருந்தன. எல்லாவற்றுக்கும் புத்தம்புதுக் கறுப்புப் பெயிண்ட், திருகாணித் தலைவரைக்கும். கடைப் பலகை எழுதுகிறவனிடம் கொடுத்துக் கழற்றி, முன்னும் பின்னும் தாராளமாக அடித்து, மறுபடி மாட்டியிருந்தார்கள். பலகையில் எழுத்து மட்டும் வெள்ளையாகச் சிரித்தது.

"பாருங்கம்மா. இந்த லைட்டுக்கு வயரு ஒண்ணுதான். கரண்டு வயருல வரும், இந்த இரும்பு வழியா வண்டி உடம்புக்குத் திரும்பிப் போகும். எர்த்துன்னு சொல்லுவோம். இரும்பும் இரும்பும் தொடணும். நடுவுல பெயிண்டு வந்தா வாசல அடச்ச மாதிரியாக்கும். புது பல்பு போட்டாலும் எரியாது, தங்கத்துல வயரு போட்டாலும் எரியாது."

ஒரு போல்ட்டைத் தளர்த்தினான். பேனாக்கத்தியை உள்ளே கொடுத்து, ஒரு பழைய திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டினான். வெள்ளை இரும்பு தெரிந்தது. போல்ட்டை இறுக்கினான். பிள்ளையின் கால் மிதியில்தான் இருந்ததால், விளக்கு உடனே பளிச்சென்று சிவப்பாக எரிந்தது.

உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எரிகிறது என்று சொல்லவில்லை.

"பெயிண்டா?" என்றாள்.

"பெயிண்டுதான்."

"அண்ணைக்கும் பெயிண்டு அடிச்சிருந்தது."

ஞானசிகாமணியின் கை நின்றது.

"எந்த அண்ணைக்கு?"

"கொச்சிய நம்மகூடச் சேத்தப்பம் நம்பரு மாத்தினாரே, அப்பம். காலம்பற அடிச்சுக் கொண்டாந்து மாட்டினாரு. நான் சாமான் எடுத்து வைக்கப் பின்னால சாஞ்சேன். நீலச் சேலையில கறுப்பா ஒட்டிக்கிட்டுது. மண்ணெண்ணெ போட்டுத் தேச்சுப் பாத்தேன், போகல்ல. சரி போட்டும்னு அதோடதான் கார்ல ஏறினேன். ஆஸ்பத்திரியில அந்தச் சேலையத்தான் கத்திரிச்சாங்க."

ஞானசிகாமணி கணக்குப் போட்டான். அவன் வயர் மாற்றி எட்டு நாள் கழித்து, விபத்து நடந்த அன்று காலையில், பெயிண்ட்! மோதி நசுங்கிய இரும்பைப் பிறகு தட்டி நிமிர்த்தியபோது அது உதிர்ந்துபோய், யாருக்கும் தெரியாமல் விளக்கு எரியத் தொடங்கியிருக்கும். திருகாணி ஒன்றும் தளரவில்லை. இணைப்பு ஒன்றும் விடவில்லை. ஏழு வருடம் இருட்டில் தடவித் தடவிப் பார்த்த அத்தனை முடிச்சும் சரிதான். கால் போனது அவன் கையால் இல்லை. அவன் வலது கையைத் தூக்கி ஒருதரம் பார்த்தான். அது நடுங்கவில்லை.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது வேறொன்று. இதுவரை பொய்க்குப் பழி வாங்க நினைத்திருந்தான். இப்போது இந்தக் காலுக்கும் சேர்த்து வாங்கலாம் என்று தோன்றியது.

உலகம்மை கம்பை ஊன்றி முன்கதவுப் பக்கம் போனாள். கண்ணாடி இறங்கியிருந்தது.

"அண்ணைக்கு யாரு பெயிண்டு அடிக்கச் சொன்னது?"

"அது வந்து... கடையில போர்டு எழுத வந்தவன்... சும்மா நிக்கானே, இதையும் அடிச்சிருன்னு..."

"அந்தப் பழைய வயருக் கட்டு எங்க இருந்து எடுத்தீங்க?"

பிள்ளை தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சைக்கிள் கடைக்காரன், வெற்றிலைக் கடைக்காரன், இரண்டு லாரிக்காரர்கள், எல்லாரும் அருகே வந்துவிட்டிருந்தார்கள்.

"கேக்கேன்லா?"

"கொட்டகையில இருந்துதான்" என்றார் பிள்ளை. "உங்க அண்ணன்மாரு வந்து நின்னாங்க, நான் என்ன செய்யட்டும்? ஆனா உலகு, பெயிண்டு அடிச்சா லைட்டு அணையும்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சு நான் செய்வேனா? ஞானசிகாமணி, நீ சொல்லப்பா. மூணு ஒர்க்‌ஷாப்காரனுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்புவா."

அவர் சொன்னது உண்மை. அவருக்குத் தெரியாது. இரும்பு விற்கத் தெரியும், அவ்வளவுதான். தெரிந்திருந்தால் இந்தத் தடவையும் அதே பெயிண்டை அடித்துக்கொண்டு மூன்று ஒர்க்‌ஷாப்புக்கு அலைவாரா? திருவனந்தபுரத்திலேயே அதை நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஞானசிகாமணி. வயர் விஷயத்தில் பிள்ளை சொன்னது பொய். பெயிண்ட் விஷயத்தில் சொன்னது சத்தியம்.

உலகம்மை திரும்பினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"ஞானசிகாமணி. அண்ணைக்குக் கோர்ட்டு வாசல்ல நான் ஆளு மாறி மண்ண வாரிப் போட்டுட்டேன். அத மனசுல வைக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், உள்ளதச் சொல்லு. பெயிண்டு அடிச்சா லைட்டு எரியாதுன்னு இவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெருவே அவன் வாயைப் பார்த்தது. பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். ஞானசிகாமணி பேனாக்கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டான்.

"எனக்கு எப்படியம்மா தெரியும்?" என்றான். "நான் கம்பிக்கள்ளன்லா. என் வார்த்தைய யாரு எடுப்பா?"

உலகம்மை தலையாட்டினாள். பிறகு, "அந்த வயருல ஒரு முழம் வெட்டித் தா" என்றாள். அவன் மெழுகு நூல் முடிச்சோடு சேர்த்து ஒரு முழம் வெட்டி, அந்த இடத்தில் வேறு துண்டு சேர்த்து விளக்கை மறுபடி எரியவிட்டுக் கொடுத்தான். அதைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எங்க அண்ணன்மாரு பாக்கட்டும்."

"ஏறு உலகு, வழியில பேசலாம்" என்றார் பிள்ளை.

அவள் ஏறவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, கிள்ளிப்பாலத்து பஸ் நிறுத்தம்வரை நடந்தாள். நாகர்கோவில் பஸ் வந்தது. இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள். பிள்ளை காரைவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் மனிதருக்கு என்ன ஆயிற்றோ, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவன் சொல்லும்வரை எடுக்கக்கூடாது என்பதை அந்த நேரத்தில் வேதவாக்காக எடுத்துக்கொண்டார் போலும். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

போதும், எடும் என்று ஞானசிகாமணி சொல்லவில்லை. சீட்டைத் திருப்பி மாட்டிவிட்டு, லாரி டைனமோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது எலிசாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பெயிண்டு விசயம் பிள்ளைக்குத் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அத அந்தம்மாட்டச் சொல்லல்ல."

"சொல்லல்ல."

எலிசாள் சட்டிப் பக்கம் திரும்பினாள். தெருக்குழாயடியில் பாதிக் குடத்தோடு திரும்பி வந்த முகம் அது. பிறகு சட்டியிலிருந்த பெரிய துண்டு மீனாகப் பார்த்து எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

உலகம்மை நாகர்கோவிலிலிருந்து திரும்பி வரவில்லை என்பது தை மாதத்துக்குள் சாலை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு முழ வயரும் ஊர் வாய்க்குள் பத்து கெஜமாக நீண்டது. பெரிய மனிதர்களின் கார்கள் ஒன்றிரண்டு கிள்ளிப்பாலத்துக்கு வர ஆரம்பித்தன. ஞானசிகாமணி அவர்கள் எதிரிலும் குத்தவைத்து உட்கார்ந்து, களைந்த வயரை விரல் நீளத்துக்கு நறுக்கத்தான் செய்தான்.

மீன் வைத்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலில், மன்னிப்பு வருகிற வரி வந்தபோது அவன் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டான். விலாவில் கிள்ளு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. திரும்பிப் பார்த்தான். எலிசாளும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள்.